பச்சையாக எரிந்த அடுப்பு

சிவப்பாக இருக்கிற செம்பு தீயில் ஏன் பச்சையாகிறது? மாரியம்மன் கோயில் வாசலில் செவ்வந்தி கேட்ட கேள்வி இது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அந்தக் கூட்டத்தில் நின்றிருந்த, இதை எழுதுகிறவன் அதற்காகப் பிறகு புத்தகத்தைத் தேட வேண்டியிருந்தது.

செவ்வந்தி கச்சிராயபாளையம் பக்கத்தில் கூலி வேலை செய்கிறவள். நடவு, களை, கரும்பு வெட்டு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவாள். புருஷன் வீரமணி பெங்களூரில் கட்டட வேலை, பொங்கலுக்குத்தான் வருவான். வேலை முடிந்து அவள் வெறுங்கையோடு வீடு திரும்பியதே கிடையாது. கரும்புச் சோகை, தென்னம்பாளை, கிழிந்த சாக்கு, எது எரியுமோ அது அவள் தலையில் ஏறிவிடும். காஸ் சிலிண்டர் மூலையில் துணி போர்த்தி நிற்கும், விருந்தாளி வந்தால்தான் அதற்கு வேலை. "செவ்வந்தி வர்றா, வேலிய எண்ணி வையுங்க" என்று நடவுப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தக் கேலி ஒருநாள் விஷமாகிப்போனது. அவள் வேலைக்குப் போகிற நிலக்காரர் ஆதிமூலத்தின் மோட்டார் கொட்டகையில் யாரோ கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேபிளைக் கொளுத்தி ரப்பரை எரித்துவிட்டு, உள்ளே இருக்கிற செம்பைப் பழைய இரும்புக் கடையில் போடுவதுதான் திருடர்களின் வழக்கம். அதனால் எங்கே புகை தெரிந்தாலும் ஊர் கழுத்தை நீட்டிப் பார்த்தது. புதுச் செருப்பு போட்டவன்கூட அது எப்படி வந்தது என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு ரங்கம்மாள் உறைமோர் கேட்டு வந்தாள். செவ்வந்தியின் அடுப்பில் தீ பச்சையாக நக்கிக்கொண்டிருந்தது. ரங்கம்மாள் மோரை மறந்துவிட்டுத் திரும்பிப் போனாள். விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஆதிமூலத்தின் மகன் சுபாஷ் பிளஸ் டூவில் அறிவியல் படித்தவன். பள்ளி ஆய்வகத்தில் தீயில் காட்டிப் பார்த்திருக்கிறோம், பச்சைத் தீ என்றால் செம்புதான் என்று அவன் சொன்னான். அவன் சொன்னது உண்மை. வினையே அங்கேதான் இருந்தது.

வயலில் பெண்கள் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்தி தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஆள் கூட்டிப் போகிற ஜெயம்மாள், பேச்சு அடங்குகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள். திருடி என்று பெயர் வாங்கியவளை எந்த வயலில் இறங்க விடுவார்கள்?

செவ்வந்திக்குத் தன் அடுப்பின் மேலேயே சந்தேகம் வந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். சோகை மஞ்சளாக எரிந்தது. பாளையும் அப்படித்தான். சாக்குத் துண்டைப் போட்டதும் ஓரத்தில் பச்சை எழும்பியது. மிச்சமிருந்த சாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இழைகளில் நீலமாக ஏதோ படிந்திருந்தது. ஆதிமூலத்தின் நெல்வயலில் பாசி பிடித்தால், மயில்துத்தம் என்கிற நீல உப்பைச் சாக்கில் கட்டி மடைவாயில் போடுவார்கள். துத்தம் கரைந்ததும் சாக்கை வரப்பில் வீசுவார்கள். அதைத்தான் அவள் எடுத்து வந்திருந்தாள், அதுவும் அவரிடமே கேட்டுவிட்டு.

வெள்ளிக்கிழமை கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். பொய் சொன்னவள் அணைத்தால் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை.

"அணைக்கிறேன் மொதலாளி. அதுக்கு மின்ன உங்க மடையில கெடக்கிற துத்தச் சாக்கு ஒண்ணு வேணும்" என்றாள் செவ்வந்தி.

"சாக்கு இன்னாத்துக்கு? மூட்ட கட்டிக்கினு ஊர வுட்டுப் போறியா?" என்றார் ஆதிமூலம். சிலர் சிரித்தார்கள்.

"நான் எடுத்தாந்தா எதையோ தடவிட்டேன்னு சொல்லுவீங்க. சுபாஷ் தம்பி, நீயே போய் எடுத்தா."

சுபாஷ் வண்டியில் போய், வரப்பில் காய்ந்து கிடந்த சாக்கு ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு துண்டைக் கிழித்து எரிகிற கற்பூரத்தின் மேல் அவனே வைத்தான். முதலில் புகைந்தது. பிறகு பச்சையாக எரிந்தது.

"இதே பச்சதான் அன்னிக்கும்" என்றாள் ரங்கம்மாள் மெல்ல.

ஆதிமூலம் மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, இதுலயும் கம்பி இருக்குதா?"

சுபாஷ் தலை குனிந்தான். "கம்பி இல்லப்பா. ஆனா செம்பு இருக்குது. துத்தத்துல இருக்கறதும் செம்புதான். நான்தான் அத யோசிக்கல."

அப்போதுதான் செவ்வந்தி கேட்டாள். "செம்பு செவப்பா இருக்குது. அது தீயில இன்னாத்துக்குப் பச்சையாவுது? துத்தத்துல பாத்தா நீலம். இது இன்னா தம்பி பொருளு, எடத்துக்கு ஒரு மூஞ்சியக் காட்டுது?"

எலக்ட்ரான் என்று ஆரம்பித்த சுபாஷ் பாதியில் நிறுத்திவிட்டான்.

இதை எழுதுகிறவன் பிறகு தேடிப் படித்தது இது. அணுவின் நடுவில் இருப்பது அணுக்கரு. அதில் எத்தனை புரோட்டான் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அது எந்தத் தனிமம் என்று முடிவாகிறது. இருபத்தொன்பது இருந்தால் செம்பு. தனிம வரிசை அட்டவணையில் அதன் இடமும் இருபத்தொன்பதுதான். கந்தகத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து துத்தமானாலும் அந்த எண் மாறாது. மாறுவது வெளியே இருக்கிற எலக்ட்ரான்களின் நிலைமைதான், அதனால் நிறமும் மாறுகிறது. தீயில் சூடேறினால் எலக்ட்ரான் மேல்படிக்கு ஏறுகிறது. இறங்கும்போது, வாங்கிய சக்தியை ஒளியாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. படிகளின் உயரம் ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு, ஆகவே ஒளியின் நிறமும் வேறு. குழம்பு பொங்கி வழிந்தால் அடுப்புத் தீ பளிச்சென்று மஞ்சளாவது உப்பில் இருக்கிற சோடியத்தால். பச்சைத் தீயைப் பார்த்துச் செம்பு இருக்கலாம் என்று சொல்லலாம். அது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார் என்று தீயிடம் கேட்க முடியாது.

அன்று கோயிலில், மறுபடி யாரும் சொல்லாமலே செவ்வந்தி கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தாள். மறுநாள் ஜெயம்மாளே வீட்டுக்கு வந்து கூப்பிட்டாள். கேபிளை எடுத்தவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ரங்கம்மாள் இப்போதும் உறைமோர் கேட்டு வருகிறாள், ஆனால் முதலில் அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் செவ்வந்தியின் முகத்தைப் பார்க்கிறாள். செவ்வந்தி இப்போதெல்லாம் சாக்கு எடுப்பதில்லை. அடுப்பு எரியும்போது கதவையும் சாத்துவதில்லை.

உங்கள் ஊரிலும் யாராவது பாதி தெரிந்ததை வைத்து ஒருவரைத் திருடர் என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவர்களிடம் செவ்வந்தியின் கதையைச் சொல்லுங்கள். கேட்டவர்களையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.