கிழங்குக் காலத்து விருந்தாளி

போன மாதம் மகள் வேலை செய்கிற கந்தோரில் யாருக்கோ பிரியாவிடை விருந்து. கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் ஒரு பெரிய ஹோட்டல். வீட்டில் தனியாக இருந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நீளமான மேசையில், வாழையிலை விரித்து, மண்சட்டியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. பக்கத்தில் சிரட்டையில், மிளகாய் இடித்த கட்டச்சம்பல். நல்ல நல்ல உடுப்புப் போட்ட பிள்ளைகள் எல்லாம் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால், கிழங்கு தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு "இடியப்பம்" என்று சொன்னவள் நான். சிரித்துக்கொண்டே மூன்று தரம் போய்ப் போட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாப்பிட்டு முடித்து உட்கார்ந்ததும் பரிமாறுகிற பிள்ளை பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது. ஆவியோடு இஞ்சி வாசம் மேலே வந்தது. நான் போட்ட கூச்சலில் மேசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயையோ, கிழங்கு தின்னுட்டு இஞ்சியா!"

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. நீங்கள் இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர் என்றால் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்ற வயிற்றில் இஞ்சி போனால் நஞ்சு என்பது இங்கே எல்லோர் வீட்டிலும் சட்டம். அவிக்கும்போது சட்டியை மூடக்கூடாது என்பது அடுத்த சட்டம். இதெல்லாம் உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சோதிச்சுப் பாத்தவன் எவனும் வந்து சொன்னதில்ல" என்பார் அப்பா. "எப்படி வந்து சொல்லுவான்?"

அந்தக் கூச்சல் என்னுடையதல்ல, அம்மாவுடையது. கோப்பையைத் தள்ளி வைத்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அதே சொற்கள், அதே தொண்டை. அம்மா அப்படிக் கத்தியது சிவநேசன் மாமா எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த நாளில்.

எழுபதுகளின் தொடக்கம். பேக்கரியில் பாணுக்குக் கியூ, மாவுக்குக் கியூ, சீனிக்குக் கியூ. சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் இரண்டு நாள் சோறு விற்கவே கூடாது என்று சட்டம். நாங்கள் கட்டுக்கலைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, மழை வந்தால் குசினியிலும் மழை. அப்பாவுக்குக் கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை. அம்மா, நான், தம்பி. எங்களோடு அம்மாவின் தங்கை ஈஸ்வரி, எங்கள் சின்னம்மா. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு வந்திருந்தாள். தோட்டத்தில் அவளோடு படித்த பிள்ளைகள் எல்லாம் கூடையோடு மலை ஏறிக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அதில் அம்மாவுக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

சின்னம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது. சோறு வைத்தால் ஒன்றில் குழையும், இல்லையென்றால் பல்லில் நறநறக்கும். ஆனால் கிழங்கு மட்டும் அவள் கைக்குக் கட்டுப்பட்டது. உப்பும் மஞ்சளும் போட்டு, பூ மாதிரி வெடிக்கும்வரை அவிப்பாள். தண்ணீரை வடித்து, நடுவில் இருக்கிற நாரை உருவி எறிந்துவிட்டு, கையாலேயே உதிர்ப்பாள். தாச்சியில் தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. எல்லாம் பொரிந்து வரும்போது கிழங்கைக் கொட்டி இரண்டு பிரட்டு. இறக்குகிற நேரம் ஒரு கை தேங்காய்ப்பூ. அவ்வளவுதான். அந்தத் தேங்காய்ப்பூவைச் சூட்டில் வைத்திருப்பதா, உடனே இறக்குவதா என்று அம்மாவும் அவளும் சண்டை பிடிப்பார்கள். சின்னம்மா சொன்னபடி உடனே இறக்கினால்தான் நன்றாயிருக்கும். அம்மா இப்போது இல்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாண் கியூவில் நின்ற அப்பா, பாண் இல்லாமல் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நெடுநெடுவென்று உயரம். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கக்கத்தில் குடை. பெயர் சிவநேசன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர், மேல் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். கியூவில் இவர்கள் இரண்டு பேரும் நெருங்குவதற்குள் பாண் தீர்ந்துவிட்டது. சோறு விற்காத நாட்களில் இந்தப் பிள்ளை வாழைப்பழத்தோடு படுத்துக்கொள்கிறது என்று தெரிந்ததும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"வாங்க தம்பி, உக்காருங்க. கிழங்குதான் இருக்கு" என்றாள் அம்மா வெட்கத்தோடு.

"கிழங்கெண்டால் எனக்குப் பெரிய விருப்பம் அக்கா" என்றார் அவர். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். தட்டு காலியான வேகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு, "கொஞ்சம் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தருவியளே அக்கா?" என்று கேட்டார். அப்போதுதான் அம்மாவின் அந்தக் கூச்சல். அவர் பதறி எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. அடுத்த அறையிலிருந்து சின்னம்மாவின் சிரிப்புக் கேட்டது. கிழங்கைப் பிரட்டியவள் அவள் என்று அவருக்கு அதுவரை தெரியாது. சிரிப்பு வந்த திசையைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

பிறகு எல்லா ஞாயிறும் வந்தார். வரும்போது எங்களுக்கு இனிப்பு, அப்பாவுக்குப் பேப்பர், ஊரிலிருந்து வந்த பனங்கட்டி. நாங்கள் அவரை மாமா என்றோம். அவர் பேசுகிற தமிழைத் தம்பி அப்படியே பேசிக் காட்டுவான். "ஓம் அண்ணை, வாறன் அண்ணை." அவரும் கோபப்படாமல் "வாங்க, போங்க" என்று எங்கள் பேச்சைத் திருப்பிப் பேசிக் காட்டுவார். சின்னம்மா அவரோடு நேராகப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சனிக்கிழமை சந்தையில் கிழங்கை நகத்தால் கீறிப் பார்த்து வாங்குகிறவள் அவள்தான். ஒருநாள் தம்பி வாய் தவறி அவரை "சித்தப்பா" என்று கூப்பிட்டுவிட்டான். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சின்னம்மா குசினிக்குள் ஓடிவிட்டாள். அவர் மட்டும் தம்பியின் தலையைத் தடவி, "பிழையில்லை" என்றார்.

அடுத்த ஞாயிறே அப்பாவிடம் கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணை, எனக்கு ஈஸ்வரியைக் கட்டித் தாருங்கோ."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "தம்பி, நாங்க தோட்டத்து ஆளுங்க. ஒங்க வீட்டுல ஒத்துக்குவாங்களா?"

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன். ஈஸ்வரியைப் பாத்தா அம்மா மாட்டன் எண்டு சொல்ல மாட்டா."

சித்திரை லீவுக்கு ஊருக்குப் போனவர், தாயோடும் அக்காவின் புருஷனோடும் வந்தார். அவர்கள் வருகிற நாளுக்கு அம்மா ஒரு கிழமையாக ஓடினாள். அரிசி கொண்டு போவதற்கும் கெடுபிடி இருந்த காலம். திகனயில் கடை வைத்திருந்த அப்பாவின் கூட்டாளி, ஒரு முஸ்லிம் நானா, பூசணிக்காய்களுக்கு அடியில் வைத்து நல்ல அரிசி கொடுத்தனுப்பினார். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் என்று அதில் ஐந்து கறி. இறைச்சி சாப்பிடுகிறவர்களாக இருந்தால் என்று ஆட்டிறைச்சி வேறு அடுப்பில். கிழங்கைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று சின்னம்மாவுக்குக் கட்டளை.

மாமாவின் தாய் வந்து கதிரையில் உட்கார்ந்தார். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. நெற்றி நிறைய திருநீறு. வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"நீங்கள் எவடம்?"

"தெல்தோட்டைப் பக்கங்க."

"தோட்டமோ?"

"ஆமாங்க. எங்கப்பா அம்மா அங்கதான் வேலை செய்யிறாங்க."

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. அம்மா சாப்பிட வரச் சொன்னபோது, "எனக்கு இண்டைக்கு விரதம்" என்றார். மருமகன், "வழியில சாப்பிட்டனாங்கள்" என்றார். பழமாவது எடுங்க என்று அப்பா கெஞ்சினார். தண்ணீரும் குடிப்பதில்லை என்று பதில் வந்தது. அன்று என்ன விரதம் என்று அம்மா பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

கடைசியில் அம்மா ஒரு தட்டில் சோறு போட்டு, எல்லாக் கறியும் வைத்து, சிவநேசன் மாமாவிடம் நீட்டினாள். "நீங்களாவது சாப்பிடுங்க தம்பி." எங்கள் வீட்டில் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்ற மனிதர். தட்டைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். "பசிக்கேல்லை அக்கா" என்றார்.

நீட்டிய கையோடு அம்மா நின்றாள். திரைக்குப் பின்னால் இருந்து சின்னம்மா வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அக்காவின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தது அவ்வளவுதான்.

மறுநாள் பின்னேரம் அவர் தனியாக வந்தார். அப்பா இன்னும் கடையால் வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார். சின்னம்மா படியில் நின்றாள். நானும் அம்மாவும் உள்ளே.

"நாங்கள் பதிவு பண்ணுவம் ஈஸ்வரி. அம்மா பிறகு சரிவருவா."

"ஒங்கம்மா மேல எனக்குக் கோவம் இல்லங்க. அவங்க அப்படியே வளந்துட்டாங்க. நீங்க ஏன் சாப்பிடல?"

"அம்மாவுக்கு முன்னால எப்பிடி..."

"நாளைக்கும் அவங்க முன்னாலதானே வாழணும்."

அவர் குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு மனது கேட்கவில்லை. உள்ளே இருந்தபடியே, "தம்பி, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். "இருக்கட்டும். வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வாறன் என்று சொன்னதால் தம்பி அடுத்த ஞாயிறு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாண் கியூவில் அப்பா அவரைப் பார்ப்பதுண்டாம். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொள்வார்களாம். பிறகு வேலையில் மாற்றம் எடுத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். சில வருஷம் கழித்துச் சின்னம்மா புசல்லாவையில் ஒரு பஸ் கொண்டக்டரைக் கட்டினாள். சத்தமாகச் சிரித்து, சத்தமாகச் சாப்பிட்டு, யார் வீட்டில் எது கொடுத்தாலும் மறுக்காத மனிதர். சின்னம்மா அவரோடு நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஆனால் வடக்கில் சண்டை நடந்த வருஷங்களில் ரேடியோவில் செய்தி தொடங்கினால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிடுவாள். ஊர்ப் பெயர்களைக் கேட்பாள். செய்தி முடிந்து பாட்டுத் தொடங்கும்போது நிறுத்திவிடுவாள். சித்தப்பா ஏன் என்று கேட்டதில்லை.

நான் ஒருதரம் கேட்டேன். எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு, புசல்லாவை வீட்டின் அடுப்படியில். அன்றைக்கு அப்படிச் சொன்னது பற்றி வருத்தம் உண்டா என்று.

"வருத்தம் இல்லாம என்ன? அவரும் சின்ன வயசுதானே. கொஞ்சம் பொறுத்திருக்கலாம். ஒரு தட்டுச் சோத்துக்காக ஒரு மனுசன அனுப்பிட்டேனேன்னு சில நேரம் தோணும்." விறகைத் தள்ளி விட்டாள். "சில நேரம், அது வெறும் சோறு இல்லேன்னும் தோணும்."

இன்னும் ஏதாவது கேட்டிருக்கலாம். அதற்குள் சித்தப்பா தேத்தண்ணி கேட்டுச் சத்தம் போட்டார். நாங்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். சித்தப்பா போய், அவருக்குப் பின்னால் சின்னம்மாவும் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. கட்டுக்கலை வீடு இருந்த இடத்தில் இப்போது வாகனம் விற்கிறார்கள். போன வாரம் அந்த வழியால் போனபோது குசினி எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிவப்புக் கார் நிற்கிற இடமாக இருக்கலாம், நிச்சயமில்லை. சிவநேசன் மாமா இருக்கிறாரா இல்லையா என்று கேட்டுச் சொல்லவும் இப்போது எனக்கு யாரும் இல்லை.

தம்பி கனடாவில் இருக்கிறான். ஹோட்டலில் இருந்து வந்த அன்று அவனோடு போனில் பேசினேன். அந்த யாழ்ப்பாணத்து அம்மா வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அன்று வீட்டில் இருந்தவர்களில் எனக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

"இல்லாம!" என்றான் உற்சாகமாக. "அன்னைக்கு யாரும் சாப்பிடலல்ல? அவ்வளவு எறச்சியும் நமக்குத்தான். ரெண்டு நாள் வச்சுத் தின்னோமே அக்கா, மறக்குமா?"

ஆமாம், நல்ல இறைச்சி என்று சொன்னேன்.