நாடி பிடித்த கை

ஒஸ்லோவுக்கு வந்த மூன்றாம் நாள் நெஞ்சு அடைக்கிறது. நகரின் ஸ்டோவ்னர் பகுதியில் இருக்கும் மச்சான் என்னை அவசர சிகிச்சைக்கு இழுத்து வருகிறான். கட்டிலில் கிடந்தபடி, என் மரண அறிவித்தலுக்கு எந்தப் படத்தைப் போடுவார்களோ என்று கவலைப்படுகிறேன்.

தாதி ஒருவர் உள்ளே வருகிறார். மச்சான் என் காதுக்குள், "இவ றோமா ஆள், ஜிப்சி. ஆனா நல்லவ," என்கிறான்.

அந்த 'ஆனா' போதும். றோமா மக்களைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதி, நான் விமானத்தில் வாசித்த தடித்த புத்தகம் நினைவுக்கு வருகிறது. அலைவார்கள், குறி சொல்வார்கள், களவு அவர்களுக்குப் பாவமில்லை. சாகக் கிடக்கும் நான் பணப்பையை மெல்ல முதுகுக்குக் கீழே தள்ளுகிறேன்.

"கையைத் தாங்கோ," என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

பயந்தால் எனக்குப் பகிடிதான் வரும். உள்ளங்கையை விரித்து நீட்டுகிறேன். "எத்தினை வயசு மட்டும் இருப்பன் எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

அவர் சிரிக்கவில்லை. கையைத் திருப்பி நாடி பிடிக்கிறார்.

"என்ரை அம்மா இஞ்சை பஸ் ஓட்டினவ. ஒரு பேராசிரியர் வீட்டை வந்து, அவ போட்ட கோப்பியையும் குடிச்சிட்டு, அவவை நாடோடி எண்டு எழுதினார்."

"எந்த ரூட்?"

"இருவது வருசமும் ஒரே ரூட்."



வெளியே போன தாதி சற்று நேரத்தில் டொக்டரின் முடிவோடு திரும்பி வருகிறார். "இதயத்திலை ஒரு குறையும் இல்லை. வெறும் பயம்."

துள்ளி எழும்பிக் கதவு வரை போய்விடுகிறேன்.

"உங்கடை பணப்பை," என்கிறார்.

அது கட்டிலில் கிடக்கிறது. அவர் அதைத் தொடவில்லை. இரண்டு எட்டுத் தள்ளி நின்று, விரலால் மட்டும் காட்டுகிறார்.