பக்கத்து வீட்டுப் பெண் தானாகவே போனாள்

சிங்கப்பூர் மார்சிலிங்கில் நான் இருக்கும் அடுக்குமாடி புளோக்கில், பக்கத்து வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். கணவன், மனைவி, ஒரு பெண் குழந்தை என்பது மட்டும் தெரியும். கணவர் ஜூரோங்கில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பார். மனைவியை நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் மோர்க்குழம்பு வாசனை வரும், ஒருநாள் கருவாடு. யார் இந்தப் பெண், ஏன் வெளியே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு.

ஒரு காலையில் அவர் என் கதவைத் தட்டினார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“அக்கா, என் வீட்டுக்காரிய உள்ள வச்சிருக்காங்க. அவ இங்க தங்குற பாஸ் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. எனக்கு வேலை போன டைம், ரெனியூ பண்ணல. அப்புறம் போகவே பயமாயிடுச்சு.”

“பிடிச்சுட்டாங்களா?”

“இல்லக்கா. இமிகிரேஷன்ல அவளே போய்ச் சொல்லிட்டா.”

அவர் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பவேண்டும். பிள்ளை தொடக்கநிலை ஒன்று படிக்கிறாள். காலையில் பள்ளிக்கு அனுப்பி, சாயங்காலம் பராமரிப்பு நிலையத்திலிருந்து கூட்டிவர முடியுமா என்று கேட்டார். தேக்காவில் நான் வேலை பார்க்கும் தையல் கடை தாமதமாகத்தான் திறக்கும். முதலாளியம்மாவும் சீக்கிரம் விடுவார். சரி என்றேன். பாதி இரக்கம். மீதி, அவள் ஏன் தானாகப் போனாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

பிள்ளை என்னைவிட மோசம்.

“ஆன்ட்டி, அம்மா இருக்கற எடத்துல ஃபேன் இருக்கா? அங்க சோறா, பீஹூன் நூடுல்ஸா? அம்மாவுக்கு ஃப்ரெண்ட் கெடச்சிருப்பாங்களா?”

“எனக்கும் தெரியல லா. பாக்கப் போறப்ப கேப்போம்.”

ஒருநாள் அவள் சாப்பிடும்போது பார்சல்காரர் கதவைத் தட்டினார். வாயில் சோற்றோடு அப்படியே உறைந்துபோனாள். நான் பார்சலை வாங்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் மென்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சிறையில் அம்மாவைப் பார்க்க அனுமதி கிடைத்தபோது, அப்பாவும் பிள்ளையும் என்னையும் அழைத்துப் போனார்கள். நடுவில் கண்ணாடி, பேசத் தொலைபேசி. நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். மகளின் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஃபேன் இருக்கிறதாம், சத்தம் போடுமாம். பிறகு என்னைக் கேட்டாள்.

“நீங்கதான் காலைல வரிசையா தும்முற அக்காவா?”

சிரித்துவிட்டேன். கடை போக நான் வீட்டிலும் தைப்பேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் தையல் மெஷின் சத்தத்தைக் கேட்டு, நான் யாருக்கு என்ன தைக்கிறேன் என்று அவளும் யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

“ஏம்மா நீயா போன?”

“யாராச்சும் கதவத் தட்டுனா நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன் அக்கா. ஒருநாள் திரும்பிப் பாத்தா, இவளும் அப்படியே நிக்கிறா. நான் சொல்லிக் கொடுக்கவே இல்ல.”

சோறு அடைத்த அந்தச் சின்ன வாய் எனக்கு நினைவுக்கு வந்தது. ரிசீவரைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

தண்டனை முடிந்ததும் அவளை ஊருக்கு அனுப்பினார்கள். உடனே திரும்பி வர முடியாது. சாயங்காலங்களில் பிள்ளை என் வீட்டில் இருந்தாள். அம்மா வீடியோ காலில் அவளுக்குத் தமிழ்ச் சொல்வதெழுதுதல் வைப்பாள். என் வாடிக்கையாளர்கள் துணியோடு வந்தால், “நீ போய்த் தெற” என்று அவளையே அனுப்பினேன். முதலில் என் உடையைப் பிடித்துக்கொண்டு வருவாள். போகப் போக, பையில் என்ன இருக்கிறது என்று வாசலிலேயே விசாரிக்க ஆரம்பித்தாள்.

அவளைத் திரும்ப அழைத்துவர அப்பா மனுப் போட்டார், மறுத்தார்கள், மறுபடி போட்டார். கடைசியில் அனுமதி கிடைத்தது.

விமான நிலையத்தில் பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்திலிருந்தே அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“அம்மா, நீங்க குள்ளமாயிட்டீங்களா?”

“இல்லடி, நீதான் வளந்துட்ட” என்று அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம்தான் பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

டாக்சியில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் இங்கே இருந்தவள் இந்த ஊரை அவ்வளவாகப் பார்த்ததில்லை. “அது என்ன கட்டடம்? இது எந்த ரோடு?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் மகள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.