மகனுக்கு விட்ட இடம்

என் படத்தை யாராவது கேட்காமல் எடுத்துப் போட்டால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிடும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும். கடற்கரையில் நான் எடுத்த ஓர் அந்திப் படத்தை ஒரு தங்கும் விடுதி தன் விளம்பரத்தில் போட்டபோது, அதன் வரவேற்பறையில் போய் நின்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். நான் எடுத்த கல்யாணப் பெண்ணை ஒரு துணிக்கடைக்காரர் பிளெக்ஸில் பத்தடி உயரத்துக்கு நிறுத்தினார். பக்கத்துக் கடையில் ஏணி வாங்கி, நானே ஏறி, படத்தின் மூலையில் என் ஸ்டுடியோ பெயரைக் கறுப்பு மையால் எழுதினேன். கீழே கூட்டம் கூடிவிட்டது. அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற யோசனை ஏணியில் நின்ற எனக்கு வரவேயில்லை. பெண் அவர்கள் வீட்டுப் பெண், படம் என் படம். எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

நெய்யூருக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணமும் அடக்கமும்தான் பிழைப்பு. வெளியூர்க்காரர்களிடம் இரண்டாவதைச் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சவப்பெட்டி சபைக்கோயிலுக்குப் புறப்படும் முன்பு குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளும். தலைமாட்டில் ஒரு முக்காலியைக் கொடுத்துப் பெட்டியைச் சற்றுச் சரித்தால்தான் இறந்தவரின் முகம் படத்தில் விழும். அதைச் செய்வது நாங்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று நிறுத்துவதும் நாங்கள். அழுகிறவர்களை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் போதகருக்கு அடுத்தபடி எங்களுக்குத்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. வளைகுடாவிலிருந்து வர முடியாத பிள்ளைக்காக வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு எடுப்போம். அந்தப் பிள்ளை அங்கே தன் அறைச் சுவரில் சாய்ந்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு படம் எடுத்து அனுப்புவான். அவனைக் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்து அந்த இடத்தில் சேர்த்துவிடுவோம். வீட்டுச் சுவரில் மாட்டுவது அந்தச் சேர்த்த படத்தைத்தான். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்கள். பிள்ளை நிற்கிறானா, அது போதும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கீரிப்பாறைக்குப் போகும் வழியில் ஒரு சாவுக்குப் போனேன். இறந்தவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒரே மகன் சவூதியில். அவன்தான் போனில் குரல் பதிவு அனுப்பி என்னை ஏற்பாடு செய்தான், கூலியையும் முன்னாலேயே போட்டுவிட்டான். வேலை செய்த இடத்தில் அவனுடைய காகிதங்கள் ஏதோ சிக்கலில் கிடந்தன. வந்தால் திரும்பிப் போக முடியாது. அந்த மலைச்சரிவில் சிக்னல் கிடையாது, அதனால் அடக்கத்தைப் போனில் நேரடியாகக் காட்டவும் வழியில்லை. "அண்ணே, எனக்க எடத்த விட்டு எடுங்கோ, அம்மைக்க பக்கத்துல" என்று அவன் சொன்ன குரல் பதிவு ரொம்ப நாள் என் போனில் இருந்தது.

அப்படியே செய்தேன். அம்மாவுக்கு அறுபதை ஒட்டி இருக்கும். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை. அவர் அழவேயில்லை. சொன்ன இடத்தில் வந்து நின்றார். நேராகக் கேமராவைப் பார்த்து நின்றால் பிறகு மகனைச் சேர்க்கும்போது ஒட்டாமல் தெரியும். அதற்காக நாங்கள் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். அந்த இடத்தில் மகன் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டு அங்கே பாருங்கள், கையைக் கொஞ்சம் தூக்குங்கள், தோளில் வைப்பது மாதிரி. அவர் பார்த்தார். கையைத் தூக்கினார். நான் எடுத்தேன். நாலைந்து நொடி வேலை.

சேர்த்த படத்தை ஒரு வாரத்தில் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதில் அம்மாவின் கை மகனின் தோளில் இருந்தது, பார்வை அவன் முகத்தில் இருந்தது. எல்லா வீட்டிலும் இருப்பது போல ஒரு படம். ஆனால் சேர்க்காத மூலப் படத்தை என்னால் மூடிவைக்க முடியவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கை நின்றது. ஒன்றுமில்லாத இடத்தை ஒரு முகம் பார்த்துக்கொண்டிருந்தது. இருபது வருடமாகக் கேமரா தூக்குகிறேன், அதைப் போல ஒன்றை நான் எடுத்ததில்லை. ஸ்டுடியோ பேரில் சமூக வலைத்தளத்தில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதில் போட்டேன். மூலையில் வாட்டர்மார்க், மேலே ஒரு வரி: 'வராதவனுக்கு ஒரு இடம்.' அந்த வரி தோன்றியபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது. இன்று அதை எழுதிக் காட்டவே கூசுகிறது.

இரண்டே நாளில் வேறொரு பக்கம் அதை எடுத்துக்கொண்டது. என் வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டார்கள். என் வரியை நீட்டி, அப்பன் செத்ததற்குக்கூட வராமல் பணத்தை மட்டும் அனுப்பிவைத்த மகன், பெற்றவளின் கை காற்றில் நிற்கிறது என்று ஒரு கதை எழுதிவிட்டார்கள். படம் எங்கெங்கோ போனது. கீழே ஆயிரம் பேர் அந்த முகம் தெரியாத மகனைத் திட்டினார்கள். சாபம் கொடுத்தவர்கள்கூட உண்டு. எங்கள் பக்கத்து ஆட்களும் அதில் இருந்தார்கள். இடம் விட்டுப் படம் எடுக்கும் வழக்கம் தெரிந்தவர்கள், தங்கள் வீட்டுச் சுவரிலேயே அப்படி ஒரு படம் மாட்டியிருப்பவர்கள், அவர்களும் சேர்ந்து திட்டினார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. எதற்கு வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாட்டர்மார்க்கை வெட்டியதற்காக வந்தது. அவர்கள் எழுதிய பொய் அதற்கு அடுத்ததாகத்தான் பட்டது. அந்தப் பக்கத்துக்காரனுக்கு, படம் என்னுடையது, எடு, இல்லையென்றால் வழக்கு என்று எழுதினேன். அவன் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினான்.

அப்படிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் காலையில் அந்த அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கடையில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"மக்களே, அத ஒண்ணு அழிச்சுத் தாருங்கோ. எனக்க மகன் விளிச்சுப் பதினாறு நாளாச்சு."

அதுவரை அவன் தினமும் கூப்பிட்டிருக்கிறான். வீட்டில் சிக்னல் எடுக்காததால் அம்மா சாயங்காலம் ஏறிப்போய் ரோட்டு வளைவில் நிற்பார், அவன் வேலை முடிந்து பேசுவான். முகம் பார்த்துப் பேசும் அளவுக்கு அங்கேயும் சிக்னல் கிடையாது, குரல் மட்டும்தான். பதினாறு நாளாக அவர் அந்த வளைவில் நின்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மகனோடு அறையில் இருப்பவர்கள் அந்தப் படத்தை அவனிடம் காட்டிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் அவருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. மகன் வரவில்லை என்று தான்தான் யாரிடமோ குறை சொல்லிவிட்டதாக அவன் நினைக்கிறான் என்பது அவர் பயம்.

அவர் முன்னாலேயே என் பக்கத்தைத் திறந்து படத்தை மறைத்தேன். ஊரெல்லாம் சுற்றும் படத்தை நான் என் வீட்டில் மட்டும் மூடி என்ன பயன்? எப்படியும் எல்லா இடத்திலிருந்தும் எடுக்கவைக்கிறேன், படத்தின் உரிமை என்னுடையது, எடுக்காவிட்டால் கோர்ட்டில் நிறுத்துவேன் என்று அவரிடம் வீராப்பாகச் சொன்னேன். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நாகர்கோவிலில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு வக்கீல் இருக்கிறார். வலைத்தளத்துக்காரர்களுக்கு அனுப்பும் புகார்ப் படிவத்தையும் கையோடு கொண்டுபோனேன். அதில் முதல் கேள்வியே, இந்தப் படத்தின் உரிமையாளர் நீங்கள்தானா என்பது. ஆமாம் என்று போட்டு வைத்திருந்தேன். வக்கீல் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"படம் எடுக்கச் சொன்னது ஆரு?"

மகன் என்றேன். கூலி வாங்கினாயா என்றார். வாங்கினேன். உரிமை உனக்குத்தான் என்று எழுத்தில் ஏதாவது உண்டா என்றார். இல்லை. அடக்க வீட்டில் போய் யார் ஒப்பந்தம் போடுவார்கள்? அவர் படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஒருவர் கேட்டு, அவரிடம் கூலி வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுக்கும் படம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவருக்குத்தான் சொந்தம், எடுத்தவனுக்கு இல்லை என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். வெளிச்சம் பார்த்தது நான், நிறுத்தியது நான், அந்த நொடியைப் பிடித்தது நான் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தப் படத்தை முதலில் அனுமதி இல்லாமல் போட்டது நீதான், அதையும் யோசித்துக்கொள் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஏணியில் ஏறிப் பெயர் எழுதிய கதை ஞாபகத்துக்கு வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் யாருக்கும் என்னைத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

அப்படியானால் புகார் கொடுக்க வேண்டியவன் மகன். அவனோ என் எண்ணை எடுக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் குரலில் பதிந்து அனுப்பினேன். வரி என்னுடையது, உன் அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, படத்தைப் போட்டதுகூட அவருக்குத் தெரியாது, உரிமை உன்னுடையது, நீ புகார் கொடுத்தால்தான் எடுப்பார்கள் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். படிவத்தை எப்படி நிரப்புவது என்றும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் அவனிடமிருந்து பதில் வந்தது. சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். சாவகாசமாகத்தான் பேசியிருந்தான்.

"அண்ணே, நீங்க எழுதினதும் அவனுவ எழுதினதும் எனக்குப் பெருசு இல்ல. அம்ம ஆருட்டயும் சொல்லமாட்டான்னு எனக்குத் தெரியும். வரண்டாம்னு சொன்னதே அம்மதான். 'நான் தைரியமாத்தான் இருக்கியேன், நீ அங்கயே நில்லு மக்கா'ன்னு சொன்னா. நானும் நம்பினேன். இப்பம் அந்தப் படத்துல அம்மைக்க மொகத்தப் பாத்தேன். இனி விளிச்சு என்னத்தச் சொல்ல?"

உடனே பதில் அனுப்பினேன். தம்பி, அது நான் பார்க்கச் சொல்லிப் பார்த்த பார்வை, உன்னைச் சேர்ப்பதற்காக எல்லோரையும் அப்படித்தான் பார்க்கச் சொல்வோம், அதை வைத்து ஒன்றும் நினைக்காதே என்றேன். அதை அவன் கேட்டானா இல்லையா தெரியாது.

ஆனால் படிவத்தை நிரப்பிவிட்டான். முதல் அறிவிப்பு எனக்குத்தான் வந்தது. நீங்கள் வெளியிட்ட படம் அதன் உரிமையாளர் கொடுத்த புகாரின் பேரில் நீக்கப்பட்டது, மீண்டும் நடந்தால் உங்கள் பக்கம் முடக்கப்படும் என்று. நான் மறைத்து வைத்திருந்த படத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை. அடுத்து அந்தப் பொய்ப் பக்கத்திலிருந்தும் போனது. எடுத்துப் போட்ட மற்றவர்களிடமிருந்தும் ஒவ்வொன்றாகப் போனது. ஒன்றிரண்டு எங்காவது கிடக்கலாம். தேடினால் இப்போது எனக்குக் கிடைப்பதில்லை.

இதை நேரில் சொல்வதற்காக அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. ரப்பர் மரங்களில் பால் வடியக் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டைகளில் தண்ணீர் நின்றது. சுவரில் நான் கொடுத்த சேர்த்த படம் இருந்தது. பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். படம் எல்லா இடத்திலிருந்தும் போய்விட்டது, மகனே புகார் கொடுத்து எடுக்கவைத்துவிட்டான், குறை சொன்னது நீங்கள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும் என்றேன். அந்த வரியை எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அப்பம் அவன் ஏன் விளிக்கல்ல?"

சொல்லக்கூடாது என்றுதான் போயிருந்தேன். என் வாய் நிற்கவில்லை. படத்தில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டான் என்றேன். உடனே சமாளிக்கப் பார்த்தேன். நான்தானே அம்மா அந்த இடத்தைப் பார்க்கச் சொன்னேன், கையைத் தூக்கச் சொன்னதும் நான்தான், அதையும் அவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், புரிந்துகொள்வான் என்றேன். அவர் சுவரில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை.

"நீங்க சொல்லல்லேன்னாலும் நான் அங்கதான் பாத்திருப்பேன் மக்களே. அந்த மொகத்த அவன் ஒருநாளும் பாத்துரப்பிடாதுன்னுதான் தெனமும் ரோட்டுல நின்னு சிரிச்சுச் சிரிச்சுப் பேசினேன்."