காகிதப் பந்தும் நான் வெட்டிய இரண்டு வரியும்

போன ஞாயிறு காலை. வெள்ளவத்தையில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் நாலு வயதுப் பெண்குழந்தை. கையில் பேப்பரிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு. பார்த்தால், நான் வாராவாரம் எழுதும் இதே பத்திதான்!

பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எழுதுகிறவனுக்கு இந்த நினைப்புக்கு மட்டும் குறைவே கிடையாது.

"ஐயா, நீங்கள் எழுதின பந்து ஊத ஊத விரிஞ்சு போகுது. ஏன்?"

மூன்று வாரத்துக்கு முன் எழுதியது ஞாபகம் இருக்கலாம். சதுரத் தாளை மடித்து, ஓட்டையில் ஊதினால் உப்பிப் பந்தாகும் — அந்த விளையாட்டு.

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். பெயர் ரோசலின். கொட்டாஞ்சேனையிலிருந்து டிராமிலும் ரயிலிலுமாக வந்திருக்கிறாள். புருஷன் வெள்ளைக்காரக் கம்பெனிக் கப்பலில் சமையல்காரர். பத்து மாதத்துக்குப் பிறகு கப்பல் கொழும்புக்கு வந்திருக்கிறது. கிடைத்த லீவு ஒன்றரை நாள்.

"பிள்ளைக்கு அவரைத் தெரியேல்லை ஐயா. கிட்டப் போனால் அழுகிறாள். பொம்மை கொண்டு வந்தவர், அதையும் தொடேல்லை. அப்பதான் பேப்பரிலை இதைப் பார்த்திட்டு, 'மடிச்சுக் காட்டினால் வருவாள்' எண்டு தொடங்கினவர்."

குழந்தை வந்ததாம். முதல்முதலாக அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று பார்த்ததாம். அவர் ஊதினார், தாள் விரிந்தது. மறுபடி மடித்தார், மறுபடி விரிந்தது. நாலாவது தாளில் குழந்தை அலுத்துப்போய் அம்மாவிடம் ஓடிவிட்டது. மறுநாள் விடியக் கப்பல் போய்விட்டது.

"தனக்குத்தான் கை வரேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்" என்றாள்.

துண்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு படி அதில் இல்லை. ஊதுவதற்கு முன், நாலு நுனிகளையும் பக்கத்திலுள்ள சின்னப் பைகளுக்குள் செருக வேண்டும். (தயவுசெய்து திருத்திக் கொள்ளுங்கள்.) இல்லாவிட்டால் பந்து நிற்காது. நான் அதை எழுதித்தான் இருந்தேன்... ஆனால் பத்தி நீண்டுவிட்டது. கடைசியில் என் தொந்தியைப் பற்றிச் சிரிக்க ஒரு பகிடி. அதை விட மனம் வரவில்லை. செருகச் சொன்ன இரண்டு வரியை வெட்டினேன். பந்து செய்ய யார் மினக்கெடப் போகிறார்கள்?

"அவருக்குக் கை வந்திருக்கு, தங்கச்சி. பிழை என்னுடையது."

அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன். "காயிதம் எழுதேக்கை இதையும் எழுதுறன் ஐயா" என்றாள், அவ்வளவுதான். கடிதம் எந்தத் துறைமுகத்தில் அவர் கைக்குக் கிடைக்குமோ... திரும்பி வர இன்னொரு வருஷமும் ஆகலாம். அதற்குள் குழந்தை அவரை மறுபடி மறந்துவிடாதா?

என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தாளை எடுத்து மடித்தேன். நுனிகளைச் செருகினேன். ஊதினேன். பந்து உப்பி நின்றது.

குழந்தை அம்மாவின் மடியிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தது. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்டு" என்று சிரித்தது.

சத்தியமாகச் சொல்கிறேன் — அந்தச் சிரிப்பு எனக்குச் சேர வேண்டியதல்ல.