நிறம், உயரம், தலைமுடி

நான் இருக்கும் நோர்வே நகரத்தில் பனிக்காலம் வந்துவிட்டால் ஆள் தெரியாது, அங்கி மட்டும்தான் தெரியும். பேருந்தில் எல்லாரும் கழுத்து முதல் முழங்கால் வரை ‘பொப்லயாக்க’ என்னும் பஞ்சடைத்த தடித்த அங்கிக்குள் இருப்பார்கள். ஆணா பெண்ணா, மெலிவா தடிப்பா, ஒன்றும் விளங்காது. வந்த புதிதில் பயமாக இருந்தது, பிறகு அதுவே பிடித்துப்போனது. ஊரில், பார்க்கிற கண்களுக்குப் பயந்து புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி சுன்னாகம் சந்தையைக் கடந்தவள் நான். யாருடைய கண்ணும் படாமல் கைவீசி நடக்கும் சுகத்தை இங்கேதான் கண்டேன். விடியாத அந்த நீல வெளிச்சத்தில் எனக்கு உடம்பே இல்லாததுபோல இருக்கும்.

அப்படியொரு காலையில்தான் பண்டத்தரிப்பிலிருந்து அக்காவின் மகள் யாழினி எழுதி அனுப்பிய கதையைப் பேருந்தில் கைபேசியில் வாசித்தேன். வரப்போகும் ஒரு கொடுங்காலத்தின் கதை. காங்கேசன்துறையில் மூடிக்கிடக்கும் சீமெந்துத் தொழிற்சாலைக்குள் பெண்களை வரிசையில் விட்டு, நிறை பார்த்து, அளந்து, தரம் பிரித்துக் கப்பலேற்றுகிறார்கள். ஆனால் அந்தப் பெண்கள் பார்வைக்கு எப்படி என்று ஓரிடத்திலும் இல்லை. அவர்கள் கதைக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், தப்ப வழி தேடுகிறார்கள். நான் இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதை நோர்வீஜிய மொழிக்குக் கொண்டுவந்து இங்குள்ள சிறு சஞ்சிகை ஒன்றுக்குக் கொடுத்தேன். யாழினிக்குக் கால் நிலத்தில் படவில்லை. “வெளிநாட்டிலை கதை வந்தால் அம்மா கொஞ்சக் காலத்துக்கெண்டாலும் கலியாணப் பேச்சை விடுவா, சித்தி” என்றாள்.

சஞ்சிகை ஆசிரியர் இங்கர் நல்ல மனுஷி. கோப்பி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: “கதை அருமை. ஆனால் நாயகியைக் காணமுடியவில்லை. நிறம், உயரம், தலைமுடி, கொஞ்சம் சேர்க்கலாமே. அளக்கும் இடத்தில் அவள் உடம்பு தெரிந்தால்தான் கொடுமை உறைக்கும்.” நான் கோப்பியைக் கலக்கத் தொடங்கியதை அவர் வேறுவிதமாக விளங்கிக்கொண்டார். “உங்கள் ஊரில் பெண்ணின் உடலைப் பற்றி எழுதத் தடையா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலியாணம் பேசும்போது சாதகக் குறிப்போடு முதலில் போவதே பெண்ணின் உடம்பு விபரம்தானே. எங்கள் கலியாணத் தரகர் கேட்கும் மூன்றையும் இவர் அதே ஒழுங்கில் கேட்கிறார். ஆனாலும், நாலு வரிதானே, பிள்ளையின் பெயர் அச்சில் வரட்டும் என்று என் மனமும் சபலப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை யாழினியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“கதையிலை அவளை அளக்கிறவங்கள் கெட்டவங்கள், சித்தி. பிறகு நானும் அளவுநாடாவோடை அவளிட்டைப் போறதோ?”

“இல்லாட்டி அவை போடமாட்டினம், பிள்ளை.”

“என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. பொதுநிறம், அஞ்சடி ரெண்டு. அவளையாவது விடுங்கோ.”

“அம்மா திரும்பக் கலியாணப் பேச்சைத் தொடங்குவாவே?”

“தொடங்கட்டும். நான் ஊமையில்லை.”

இங்கரிடம் முடியாது என்றேன். “பாவம், அந்தப் பிள்ளை வெட்கப்படுகிறாள்” என்று என் தோளைத் தட்டினார். கதை சஞ்சிகையில் வரவில்லை. வெட்கமில்லை, அது அவளுடைய ரோசம் என்று நான் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த, அவர் இன்னும் கூடுதலாக இரக்கப்பட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஞாயிறு தொலைபேசியில் யாழினி, “நீங்கள் அவையின்ரை மொழியிலை எழுதினது எப்பிடிக் கேக்குமெண்டு பாப்பம்” என்றாள். அவள் தமிழில் ஒரு வரி வாசிக்க, நான் நோர்வீஜிய மொழியில் அதே வரியை வாசித்தேன். அங்கே உச்சிவெயில், இங்கே இன்னும் இருட்டு. அவளுடைய பெண்கள் என் வாயில் வேறு ஆட்களாகி, வேறு மூச்சோடு நடந்தார்கள். காங்கேசன்துறை என்று அவள் வாசித்த இடத்தில் மட்டும் நானும் சேர்ந்து அதே சொல்லைச் சொன்னேன். தொலைபேசி வழியாக என் குரல் கொஞ்சம் பிந்தித்தான் அங்கே போய்ச் சேர்ந்தது.