பெருக்கல் குறி இல்லாத பக்கம்

ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்குக் கணக்கு வாத்தியார் என்றுதான் பெயர். ஆசிரியர்களுக்கான மாத இதழ் ஒன்று, கணித மென்பொருள் கற்றுத்தரும் தொடக்கநிலைப் புத்தகங்களை அவருக்கு அனுப்பி மதிப்புரை கேட்கும். அதில் அவருக்கு ஒரே சிக்கல்தான். எந்தப் புத்தகமும் அவருக்குப் புரிந்துவிடும். புரியாதவருக்குப் புரியுமா என்று எப்படிச் சொல்வது?

அதனால் மனைவியைக் கணினி முன் உட்காரவைத்தார். வீட்டின் முன்னறையில் தையல் கடை நடத்துபவர் அவர். பள்ளியோடு கணக்கைத் தலைமுழுகியவர். பாதி தைத்த சட்டையைத் தள்ளிவைத்துவிட்டு வேண்டாவெறுப்பாக வந்தார்.

அந்த மாதம் வந்திருந்த புத்தகம் வாத்தியாரின் நெடுநாள் நண்பரான ஒரு கல்லூரிப் பேராசிரியர் எழுதியது. முதல் பயிற்சி, ஒரு நேர்கோடு வரைவது. "2x + 3" என்று அச்சிட்டிருந்ததை மனைவி அப்படியே தட்டினார். திரையில் சிவப்பு எழுத்தில் பிழை என்று வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் சிவப்பு.

"போட்டிருக்கறதைத்தானே அடிச்சேன்? எதுக்கு என்மேல எரிஞ்சு விழுது?"

இரண்டுக்கும் எக்ஸுக்கும் நடுவே பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி போட வேண்டும். அந்தச் செய்தி ஐந்தாம் அத்தியாயத்தில்தான் இருந்தது.

வாத்தியார் மதிப்புரையை எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். உள்ளதை எழுதினால் நண்பரின் மனம் கோணும். எழுதாவிட்டால், வாங்கிய அன்றே யாரோ ஒருவர் தனக்கு மண்டையில் ஒன்றுமில்லை என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடுவார். கடைசியில் நண்பரையே வீட்டுக்கு அழைத்தார்.

மனைவி மறுபடி புத்தகத்தில் உள்ளபடியே தட்ட, பேராசிரியர் அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பார்த்தார். சிவப்பு வந்ததும் வாயைத் திறந்தார்.

"பேசக்கூடாதுடா," என்றார் வாத்தியார். "புத்தகம் வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் நீ கூடவே போவியா?"

பேராசிரியரின் முகம் சுண்டிப்போனது. "இவ்வளவு சின்ன விஷயம் தெரியாம யாராவது இருப்பாங்களா?"

"எனக்குத் தெரியலையேண்ணா," என்றார் மனைவி. கோபமில்லாமல்தான் சொன்னார்.

மதிப்புரை உள்ளபடியே வெளிவந்தது. பேராசிரியர் சில வாரங்கள் போனை எடுக்கவில்லை. வாத்தியார் போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். பிறகு ஒரு பிற்பகலில், திருத்தி எழுதிய முதல் அத்தியாயத்தோடு பேராசிரியர் வந்து நின்றார். வாத்தியாரைத் தாண்டி நேரே தையல் இயந்திரத்தருகே போனார்.

"கொஞ்சம் வந்து உக்காரும்மா தங்கச்சி. நான் வாயே திறக்கமாட்டேன்."

மனைவி படித்துப் படித்துத் தட்டினார். திரையில் ஒரு கோடு சாய்வாக மேலேறியது. பேராசிரியர் வாத்தியாரின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். மனைவி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை வளைக்க முடியுமாண்ணா? ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டற மாதிரி?"

"அது அடுத்த அத்தியாயம்மா. இன்னும் திருத்தலை."

"அப்ப அதையும் எழுதி எடுத்துட்டு வாங்க. இது எனக்கு மறந்துபோறதுக்குள்ள."